படத்தின் இடது பாதி

எழுபதுகளின் நடுவில் சிட்னியில் வந்திறங்கியபோது என்னிடம் ஒரு மருத்துவப் பட்டமும் இரண்டு சூட்கேஸும் சுள்ளென்று வரும் கோபமும் இருந்தன. பட்டம் இங்கே செல்லாது என்பதை வந்த பிறகுதான் சொன்னார்கள். யாழ்ப்பாணத்தில் வார்டு வார்டாக நடந்தவள், மறுபடி சோதனை எழுதிப் பாஸ் பண்ணும்வரை ஒரு காய்ச்சல்காரனின் நாடியைக்கூடப் பிடிக்கக் கூடாது. என் கணவருக்கு நகரத்தில் எஞ்சினியர் வேலை. காலையில் அவர் ரயிலேறிப் போனதும் ஹோம்புஷ் ஃபிளாட்டில் நானும் தடித்த புத்தகங்களும் மிஞ்சுவோம்.

சோதனைக்கு என் ஆங்கிலம் போதும். தெருவுக்குத்தான் போதவில்லை. ஸ்டேஷனடியில் பத்திரிகைக் கடை வைத்திருந்த கிழவர் பேசுவதில் பாதி எனக்குப் பிடிபடாது. அவர்தான் ஒருநாள், எங்கள் பேச்சு வேண்டுமானால் காமிக்ஸ் வாசி என்று ஒரு அடுக்கைக் காட்டினார். சின்னப்பிள்ளை வேலை என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டு இரண்டை வாங்கினேன். அடுத்த மாதம் புது இதழ்கள் எந்த நாள் வரும் என்று அவரிடம் நானே போய்க் கேட்டேன்.

அமெரிக்க இதழ்கள் கப்பலில் ஆடி அசைந்து மாதக்கணக்கில் பிந்தி வரும். நடுவில் ஒன்று தவறிவிட்டால் வில்லன் எப்படிச் செத்தான் என்று தெரியாமலே அவனுடைய தம்பியோடு மல்லுக்கட்ட வேண்டும். உள்ளூரில் அச்சானவை கறுப்பு வெள்ளை, மலிவுத் தாள், விரலில் மை ஒட்டும். நல்லதும் கெட்டதும் கலந்துதான் வரும். கெட்டதை வாசித்தால் எனக்கு அன்று முழுவதும் எரிச்சல் அடங்காது. நகரத்தில் பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர் காமிக்ஸ் பிரியர்களுக்காக ரோனியோ மெஷினில் பிரதியெடுத்து ஒரு மாதத் தாள் விட்டுக்கொண்டிருந்தார். அந்த எரிச்சலை எழுதி அவருக்கு அனுப்பினேன். அவர் அதை அப்படியே போட்டுவிட்டு இன்னும் எழுதச் சொன்னார். பெயர் போட விருப்பமில்லாமல் 'ஹோம்புஷ் வாசகி' என்று கையெழுத்திட்டேன்.

எனக்கென்று ஒரு முறை இருந்தது. முதலில் எழுத்தைத் தொடாமல் படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போவேன். கதை விளங்கினால் ஓவியர் வேலை தெரிந்தவர். பிறகு படத்தை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் வாசிப்பேன். இரண்டும் ஒன்றையே சொன்னால் ஒன்று தண்டம். கடைசியாக இரண்டையும் சேர்த்து வாசிக்கும்போது நெஞ்சில் ஏதாவது அசைய வேண்டும். இந்த மூன்றையும் தாண்டிய இதழ்கள் குறைவு, அதனால் என்னைப் பலருக்குப் பிடிக்காது.

அப்படித் தாண்டிய ஒன்று சிட்னியிலேயே வந்துகொண்டிருந்த ஒரு பயங்கரக் கதை. வறண்ட ஊர் ஒன்றில் தண்ணீர்த் தொட்டிக்குக் காவல் இருக்கும் ஒரு மனிதன். தூரத்து வேலிக்கு அப்பால் ஏதோ ஒன்று நாளுக்கு நாள் ஊரை நெருங்குகிறது, நாய்களுக்கு மட்டும் அது தெரிகிறது. கதையும் படமும் ஒரே ஆள். தகரக் கூரையின் ஒவ்வொரு மடிப்பையும், வேலிக் கம்பியில் இருந்த ஈயையும்கூட விடாமல் வரைந்திருந்தார். முதல் இரண்டு இதழ்களையும் நான் வாயாரப் புகழ்ந்தேன். என் கணவர் தாளை வாசித்துவிட்டு, "உமக்கும் ஒண்டு பிடிச்சிட்டுதோ? இண்டைக்கு மழை பெய்யும்" என்றார்.

மூன்றாம் இதழில் ஏதோ பிசகியது. படப் பெட்டிகளின் இடது ஓரங்கள் வெறுமையாகக் கிடந்தன. வேலி நடுவிலிருந்து தொடங்கி வலப்பக்கம் ஓடியது. நான்காம் இதழில் அது இன்னும் மோசம். மேசைக்கு இரண்டு கால். காவல்காரனின் முகத்தில் ஒரு காது இல்லை, ஒரு கண் வெறும் வளையம். ஒவ்வொரு பெட்டியிலும் பாதிக்கு மேல் வெள்ளை. அந்த வெள்ளையின் மேல் வசனக் குமிழ்கள் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் குவித்திருந்தார்கள். பதில் சொல்கிறவனின் குமிழும் இடப்பக்கமே இருந்ததால், கேள்விக்கு முன்னால் பதிலை வாசிக்க வேண்டியிருந்தது.

மற்ற விமர்சகர்கள் கொண்டாடினார்கள். அந்த வெறுமைதான் பூதம், அது படத்தையே தின்றுகொண்டு வருகிறது, இப்படி ஒரு துணிச்சலை இந்த நாட்டில் யாரும் செய்ததில்லை என்று பக்கம் பக்கமாக எழுதினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பயம் காட்டுகிற வெறுமைக்கு ஒரு ஒழுங்கு இருக்கும். இதில் பயப்பட வேண்டிய இடத்திலும் இடது பாதி இல்லை, காவல்காரன் தேநீர் குடிக்கிற இடத்திலும் இல்லை. இது துணிச்சலல்ல, அசட்டை என்று எழுதினேன். அரைவாசி வரைந்துவிட்டு முழு இதழாக விற்கிறார், குமிழ்களை யாரோ மூடுதுணி மாதிரிப் போட்டிருக்கிறார்கள், இந்தக் குறையை ஒளிக்கும் கைக்கும் இதில் பங்கு உண்டு என்றும் சேர்த்தேன். அதைக் கடைக்காரர் ஒரு எழுத்தும் மாற்றாமல் அச்சடித்தார்.

சில நாள் கழித்து அவர் போன் பண்ணினார். அந்த ஓவியரும் மனைவியும் என்னைச் சந்திக்க விரும்புகிறார்களாம். லிட்கம்மில்தான் வீடு, காரில் வருவார்களாம். சண்டை பிடிக்கத்தான் வருகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. சண்டைக்கு நான் பின்னின்றதில்லை. ஞாயிறு மத்தியானம் சாப்பிட வரச் சொன்னேன்.

அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. மலைப்பக்கம் காட்டுத்தீ எரிந்துகொண்டிருந்ததால் வானம் மண்ணிறமாக இருந்தது, புகை மணம் வீட்டுக்குள்ளும் வந்தது. நான் பால்கனியில் நின்றபோது தெருவில் ஒரு கார் திரும்பியது. வளைவில் இடது சில்லு நடைபாதையில் ஏறி இறங்கியது. குப்பை வாளி ஒன்றைத் தட்டி உருட்டிவிட்டு, கார் எதுவும் நடக்காதது போல வந்து நின்றது. இடப்பக்க விளக்கு உடைந்திருந்தது. முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை இடப்பக்கம் முழுவதும் கீறல், கதவு நசுங்கியிருந்தது. அந்தக் கதவு பாதிதான் திறந்தது. மெலிந்த ஒரு பெண் அதற்குள்ளால் பக்கவாட்டாக நெளிந்து இறங்கினாள்.

"குடிச்சிட்டுக் கார் ஓடுறானோ?" என்றார் என் கணவர்.

குடித்திருக்கவில்லை. நாற்பது வயதிருக்கும், பெரிய உடம்பு, நல்ல சிரிப்பு. கை குலுக்கி, நீதானா அந்தப் பொல்லாத வாசகி என்றார். அவர்கள் பேசியது ஆங்கிலம், நான் இங்கே என் தமிழில் எழுதுகிறேன். அவருடைய வலது கன்னம் மழமழவென்று இருந்தது. இடது கன்னத்தில் சில நாள் மயிர். கலைஞர்கள் இப்படித்தான் திரிவார்கள் என்று விட்டுவிட்டேன். மனைவி அவருக்கு இடப்பக்கமாகவே நடந்தாள், நிலைக்கதவில் அவர் தோள் இடிக்கப் போனபோது சட்டையைப் பிடித்து மெல்ல இழுத்தாள்.

கதிரையில் இருந்தவுடனேயே அவர் ஆரம்பித்தார்.

"வெறுமை வெறுமை என்று எழுதியிருக்கிறாயே, எங்கே வெறுமை? காட்டு."

நான் நான்காம் இதழை எடுத்து மேசையில் விரித்து, இடது ஓரத்தில் விரலை வைத்தேன். அவர் என் விரலைத் தேடவேயில்லை. வலப்பக்கத்துக் கூரையைத் தொட்டு, "இதையா சொல்கிறாய்? இதில் எத்தனை கோடு இருக்கிறது பார்" என்றார். குரலில் கேலியில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். பிறர் எல்லோரும் பாராட்டியது துணிச்சலுக்காக என்றால், அந்தத் துணிச்சல் என்னவென்றே தனக்குத் தெரியாது என்றும் சொல்லிச் சிரித்தார். இந்த மனிதர் என்னைப் பைத்தியக்காரி ஆக்கப் பார்க்கிறார் என்று எனக்கு மூக்கு நுனிவரை கோபம் வந்தது. மனைவி இதழைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டைப் போட்டேன். வெள்ளைக்காரருக்குப் பரிமாறும்போது எங்கள் வீடுகளில் ஒரு ஏற்பாடு உண்டு. உறைப்புச் சாமான்களை ஒரு பக்கமாக ஒதுக்கி, சாதுவானவற்றை மறுபக்கம் வைப்போம். அவர்கள் பார்த்து ஒதுங்கிக்கொள்ளட்டும் என்பதற்காக. நடுவில் சோறு, இடப்பக்கம் மீன் குழம்பும் சம்பலும் ஊறுகாயும், வலப்பக்கம் பருப்பும் உருளைக்கிழங்கும் அப்பளமும் என்று நால்வருக்கும் ஒரே மாதிரி வைத்தேன்.

அவர் ருசித்துச் சாப்பிட்டார். பருப்பு போனது, கிழங்கு போனது, அப்பளத் தூள்கூட மிஞ்சவில்லை. மீன் பக்கம் கை போகவேயில்லை.

"பாத்தீரோ, உறைப்புக்குப் பயந்து அங்கால திரும்பியும் பாக்கேல்லை" என்று என் கணவர் தமிழில் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். எங்கள் ஆட்கள் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

"இன்னும் கொஞ்சம் சோறு கிடைக்குமா?" என்று அவர் கேட்டார்.

தட்டில் சோறு இருந்தது. இடப்பக்கம் பாதிச் சோறு, குழம்பு படாத வெறும் வெள்ளைச் சோறு, கத்தியால் வெட்டினதுபோல நேராக நின்றது. சோறு உறைக்குமா? என் சிரிப்பு அப்படியே அடங்கியது. நான் எழுந்து போய் அவருடைய தட்டைக் கையில் எடுத்தேன். எதுவும் போடவில்லை. வெறுமனே இடம் வலமாகத் திருப்பி, அவர் முன்னால் வைத்தேன்.

"அட, மீனும் இருக்கிறதா! இவ்வளவு நேரம் ஏன் ஒளித்து வைத்தாய்?" என்றார்.

சம்பலை அள்ளிச் சாப்பிட்டார். கண்ணில் நீர் வழிய, பிரமாதம் பிரமாதம் என்றார். உறைப்புக்கெல்லாம் அவர் பயந்தவரில்லை. மேசையில் வேறு யாரும் சாப்பிடவில்லை.

நான் தட்டுகளோடு குசினிக்குப் போனேன். மனைவி பின்னாலேயே வந்தாள். குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்றுகொண்டு, "நீ பார்த்தாய்தானே?" என்றாள்.

"எப்போதிலிருந்து?"

"குளிர்காலத்திலிருந்து. காலையில் தலையிடி என்பார். பிறகு படத்தில் வரத் தொடங்கியது. சொன்னால் சிரிக்கிறார். அவருக்கு அது தெரியவில்லை, அதனால் அது இல்லை."

பெட்டிகளுக்குக் கோடு போடுவதும் வசனம் எழுதுவதும் அவள்தான் என்று அப்போதுதான் சொன்னாள். வெறுமையாக விட்ட இடங்களைப் பார்த்துப் பயந்துபோய், குமிழ்களை அங்கே தள்ளித் தள்ளி மூடியிருக்கிறாள். பதிப்பாளரிடம் சொன்னபோது, விற்பனை ஏறியிருக்கிறது, ஒன்றையும் மாற்றாதே என்றாராம்.

"எல்லோரும் அருமை என்று எழுதினார்கள். என் கண்தான் பிழையோ என்று நினைத்தேன். பிறகு நீ எழுதியதைப் பார்த்தேன். மூடியிருக்கிறது என்று நீ மட்டும்தான் எழுதினாய். அவளோடு போய்ச் சண்டை பிடி என்று நான்தான் அவரைக் கிளப்பி விட்டேன். எனக்கு இன்னொரு ஆள் பார்க்க வேண்டியிருந்தது."

"உனக்குக் கார் ஓட்டத் தெரியுமா?"

"தெரியாது. நான் இந்தப் பக்கம் இருந்து, ஏதாவது வந்தால் கத்துவேன். பயந்தாங்கொள்ளியாகிவிட்டாய் என்கிறார்."

அவள் எந்தப் பக்கம் இருக்கிறாள் என்பது எனக்கு உறைத்துவிட்டது. அந்தக் கீறல்கள், நசுங்கிய கதவு, உடைந்த விளக்கு எல்லாம் அவளுடைய பக்கம். அடுத்த இடியும் அவள்மேல்தான் விழும். அதற்கு மாதக்கணக்கு இல்லை, இன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியிலேயே விழலாம்.

கார்ச் சாவி முன்னறை மேசையில் கிடந்தது. நான் அதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டேன். என் கணவர் பார்த்துவிட்டார். என்னை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். நான் விஷயத்தைச் சொன்னேன்.

"இஞ்சரும், உமக்கு இஞ்ச டொக்டர் வேலை செய்ய உரிமை இல்லை. நாளைக்கு ஏதும் பிழைச்சால் உம்மட சோதனையும் போச்சு, எங்கட இருப்பும் போச்சு. வாயைக் குடுத்து மாட்டுப்படாதையும்."

"நான் வைத்தியம் பாக்கேல்லை. சாவியைத்தான் எடுத்தனான்."

"விருந்துக்கு வந்த மனிசன்ரை சாவியை எடுத்து வைச்சால் என்ன நினைப்பார்?"

"அந்த மனிசி செத்தால் நீங்கள் என்ன நினைப்பியள்?"

அவர் ஜன்னலுக்குப் போனார். கீழே அந்தக் கார் நின்றது. உருண்டு போன குப்பை வாளியை யாரோ நிமிர்த்தி வைத்திருந்தார்கள். அந்த வளைவில், நடைபாதை ஓரமாக, இரண்டு பெண்பிள்ளைகள் கயிறடித்துத் துள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "கொண்டாரும் சாவியை" என்று கையை நீட்டினார்.

என் கணவருக்குப் பொய் சொல்ல வராது. அன்றைக்குத்தான் பார்த்தேன், வாய் கூசாமல் சொன்னார். இந்தக் கார் மொடலை ஒருமுறையாவது ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இலங்கையிலிருந்தே ஆசையாம், ஒரு சுற்றுப் போகலாமா என்றார். ஓவியருக்கு மகா சந்தோஷம். தாராளமாக என்று சொல்லிக்கொண்டு, பாதி திறந்த கதவுக்குள்ளால் உடம்பை ஒடுக்கி முன்னால் ஏறினார். நானும் மனைவியும் பின்னால். நசுங்கிய கதவைச் சாத்த அவருக்குப் பிடி அகப்படவில்லை, நான் கையை நீட்டி இழுத்துச் சாத்தினேன்.

லிட்கம்முக்கு மேற்கே போக வேண்டும். கார் கிழக்கே, நகரப் பக்கம் திரும்பியது. புகைக்குள் சூரியன் சிவப்பாகத் தொங்கியது. கொஞ்சத் தூரம் போனதும் அவர் பேச்சை நிறுத்தினார்.

"இது எங்கள் வீட்டு வழியில்லை" என்றார்.

என் கணவர் ரோட்டையே பார்த்தார்.

"இல்லை" என்றாள் மனைவி, பின்னாலிருந்து. "ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். நான்தான் கேட்டேன்."

அவர் கத்துவார், கதவைத் திறப்பார் என்று பயந்தேன். அவர் கத்தவில்லை. "எனக்கு ஒன்றுமில்லையே" என்று மெல்லச் சொன்னார். பிறகு அதையே திரும்பத் திரும்பச் சொன்னார், ஆஸ்பத்திரி வாசல்வரைக்கும். அப்படிச் சொல்லும் குரலை நான் வார்டில் கேட்டிருக்கிறேன், அது நல்லதுக்கு வருவதில்லை.

அங்கே இருந்த இளம் டாக்டர் என்னிடம், நீங்கள் யார் என்று கேட்டார். டாக்டர் என்று சொல்ல முடியாது, உறவு என்றும் சொல்ல முடியாது. இவருடைய படங்களை விமர்சிக்கிறவள் என்றேன். அவர் புருவத்தை உயர்த்தினார். கையோடு கொண்டுபோன நான்கு இதழ்களையும் வரிசையாக மேசையில் விரித்தேன். நான் ஒரு விளக்கமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் நாலாவதைப் புரட்டி முடிக்காமலே பெரிய டாக்டரைக் கூப்பிடப் போனார்.

மூளையின் வலப்பக்கத்தில் கட்டி; இடப்பக்கத்து உலகத்தைக் கவனிப்பது அந்தப் பக்கத்து மூளைதான். அந்த வாரமே தலையைத் திறந்தார்கள். முழுவதையும் எடுக்க முடியவில்லை.

ஐந்தாம் இதழ் அதற்குள் அச்சாகியிருந்தது. கடைசிப் பக்கங்களில் படம் வெறும் கீற்றாக வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, மிச்ச இடமெல்லாம் அவளுடைய எழுத்து. இதுதான் உச்சம் என்று எல்லோரும் எழுதினார்கள். கடைக்காரர் என் விமர்சனத்தைக் கேட்டுப் போன் மேல் போன் போட்டார். எழுத மனம் வரவில்லை. அதற்குப் பிறகு நான் எந்த இதழைப் பற்றியும் எழுதவில்லை.

நான் பார்க்கப் போன அன்று அவர் தலையில் கட்டோடு தலையணையில் சாய்ந்திருந்தார். இடப்பக்கக் கதிரையில் மனைவி இருந்தாள். அவருடைய இடது கையைத் தன் மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் வலப்பக்கம் போய் நின்றதும் அவர் முகம் மலர்ந்தது. பொல்லாத வாசகி வந்துவிட்டாளே என்றார். சாப்பாடு நன்றாயில்லை, உன் சம்பல் வேண்டும் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"என் மனைவி வரவில்லை. காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஒன்றுமில்லை என்று முரண்டு பிடித்தேனே, அந்தக் கோபமாக இருக்கும். நீ போய்க் கொஞ்சம் சொல்லு."

நான் அவளைப் பார்த்தேன். பேசாதே என்று அவள் தலையை அசைத்தாள். அவருடைய கையை மெல்லத் தூக்கிப் போர்வையின்மேல் வைத்தாள். எழுந்து, கட்டிலின் கால்மாட்டைச் சுற்றி நடந்து, என் பக்கம் வந்து நின்றாள்.

"இப்போதுதான் வந்தேன்" என்றாள்.

அவர் சிரித்த சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை. வெளியே தாழ்வாரத்தில் அவளிடம் கேட்டேன், வலப்பக்கம் இருக்கலாமே, அவர் உன்னைக் காலையிலிருந்தே கண்டிருப்பாரே, ஏன் அந்தப் பக்கம் போய் இருக்கிறாய் என்று.

"ஒருநாள் திரும்பிப் பார்ப்பார்" என்றாள். "பார்க்கும்போது அங்கே யாருமில்லை என்று இருக்கக் கூடாது."